தொலைக்காட்சி வன்முறையும் தங்கவயல் சிறாரும்: மெய்ப்பாட்டு நோக்கில் ஒரு வாசிப்பு

தொலைக்காட்சி வன்முறை சிறாரைப் பாதிக்குமா என்னும் ஆய்வு பெரும்பாலும் 'போலச்செய்தல்' என்பதையே சுற்றி வந்துள்ளது. பெரியவர் ஒருவர் பொம்மையைத் தாக்கக் கண்ட குழந்தைகள் தாமும் அவ்வாறே தாக்கியதை 1960களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் பண்டூரா தம் சோதனைகளில் காட்டினார். ஜார்ஜ் கெர்ப்னரோ வினாவையே மாற்றினார். திரை வன்முறை, அடிப்பவர் யார், அடிபடுபவர் யார் எனக் கற்பிக்கும் அதிகாரப் பாடம் என்பது அவர் கருத்து. கோலார் தங்கவயலை முன்வைத்து எண்ணும்போது இவ்வினாவே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

தங்கவயலின் வடகோடியில் உள்ளது பாலகாட். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அதன்பின் பிறந்த சிறாருக்குச் சுரங்கத்தொழில் கண்ட பொருளன்று, கேட்ட பொருள். பாட்டனாரின் வாய்மொழி ஒருபுறம் இருக்க, பிரசாந்த் நீல் இயக்கி 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'கே.ஜி.எஃப்.' படங்கள் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் நுழைந்துள்ளன. படத்தின் 'நராச்சி' புனைவூர்தான். ஆயினும் தலைப்பு இச்சிறாரின் ஊர்ப்பெயர்; படப்பிடிப்பு நிகழ்ந்த சயனைடு மேடும் இவர்களது மேடே.

புறத்திணை மரபுடைய நாம் கொலைக்காட்சி என்றதும் முகம் சுளித்தல் பொருந்தாது. புறப்பாடல்களில் களம் உண்டு, கையறுநிலையும் உண்டு. வீழ்ந்தவனுக்குப் பெயர் பொறித்த நடுகல் உண்டு. கொலையை வெகுளிக்கும் இழவை அழுகைக்கும் நிலைக்களனாகத் தொல்காப்பியர் வைத்தார். இப்படங்களிலும் தொழிலாளர் துயரம் காட்டப்படாமல் இல்லை. ஆனால் அவர்தம் அழுகை நாயகனின் வெகுளிக்கு ஏதுவாகிறது. அவ்வெகுளி அவனது பெருமிதமாக முடிகிறது. தொழிலாளருக்கெனச் சொந்த வெகுளி இல்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு உறவுமுறைப் பெயர் சூட்டப்பெற, அவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர்.

வரலாறோ வேறு. வடார்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள் 1930இல் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தில் வெளிப்படையான தலைவர் எவரும் முன்னிற்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நாயகன் இல்லாமலேயே நிகழ்ந்த அவ்வெகுளியை, நாயகனையே நம்பி எடுக்கப்பட்ட திரைக்கதை கொள்ள இயலாது.

ஒழுங்குமுறை இதனை எட்டுமா? கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகளின் ஆறாம் விதி, சிறார்க்கு ஒவ்வாதவற்றை அவர்கள் மிகுதியாகக் காணும் நேரத்தில் ஒளிபரப்பலாகாது என்கிறது. நல்ல விதி, நடைமுறையில் தளர்ந்த விதி. இரு படங்களும் பெற்ற 'யு/ஏ' சான்று, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டலுடன் காணலாம் என்ற அளவிலேயே நின்றது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சான்றை 7, 13, 16 என வயதுவாரியாகப் பகுத்துள்ளது. இவையனைத்தும் குருதியின் அளவையும் கடிகாரத்தையும் நோக்குவன. இவை தேவையல்ல என்பது என் கருத்தன்று. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடிகாரமே காப்பு. ஆனால் பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் பாட்டனாரை அடிமைத் திரளுள் ஒரு முகமாகக் காண்பதை எச்சான்றும் தடுக்காது.

இது பனுவல் வாசிப்பே; சிறார் இக்காட்சிகளை உண்மையில் எவ்வாறு ஏற்கின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். தங்கவயலில் வாய்மொழி வழக்காறுகளைத் தொகுக்கச் செல்லும் ஆய்வாளர், முதியவர் சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது பேரப்பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளலாம். அவர்கள் இடைமறித்துக் கேட்கும் வினாக்களும் பதிவுசெய்யத்தக்க தரவுகளே.