மீட்சியின் கணக்கில் தோட்டத் தொழிலாளி: நெகிரி செம்பிலான் நிப்பாத் தொற்றை முன்வைத்து

கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னர், 'அனைவரையும் உள்ளடக்கிய நியாயமான மீட்சி' என்னும் தொடர் சிறு தீவு நாடுகள் முதல் பெருநாடுகள் வரை எங்கும் வழங்கலாயிற்று. 'மீள்' என்னும் வினையடியாகப் பிறந்த மீட்சி, பழைய நிலைக்குத் திரும்புதல், பிடியினின்று விடுபடுதல் ஆகிய இரு பொருளும் தருவது. திரும்பிச் செல்வதற்குச் சொந்த நிலமோ வீடோ இல்லாதவர்க்கு முதற்பொருள் பொருந்துமா? இவ்வினாவை நெகிரி செம்பிலானின் முந்தைய தொற்று ஒன்றை முன்வைத்து நோக்குவோம்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் தோன்றிய மூளைக்காய்ச்சல், பின்னர் சிக்காமாட்டிற்கும் புக்கிட் பெலாண்டோக்கிற்கும் பரவியது. தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டுத் தடுப்பூசியும் புகையடிப்பும் மேற்கொள்ளப்பட்டன. ஆயின், நோயுற்றோருள் பெரும்பாலோர் பன்றிகளோடு நேரடித் தொடர்புடைய வயதுவந்த ஆடவர், சீனர் மிகுதி, இந்தியரும் இருந்தனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் புதிய நச்சுயிரியைக் கண்டறிந்தனர். சுங்கை நிப்பாக் கிராமத்தின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் மாண்டனர்; பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்நிகழ்வு பெரும்பாலும் அறிவியல் வெற்றியாகவே எழுதப்பட்டு வருகிறது. அவ்வெற்றி மறுக்கத்தக்கதன்று. எனினும், இழப்பீடு அழிக்கப்பட்ட பன்றிகளுக்காகப் பண்ணையாளர்க்கு வழங்கப்பட்டது என்பது கருதத்தக்கது. பண்ணையாளரும் பேரிழப்புற்றோரே. ஆயினும், உடைமையை அலகாகக் கொண்ட கணக்கில் உழைப்பை மட்டுமே உடையவனுக்குப் பத்தி இல்லை. பன்றி இழந்தவன் எண்ணப்பட்டான். பன்றிக்குத் தீனி வைத்தவனின் வேலை இழப்பு எண்ணப்படுவதற்கு அக்கணக்கில் வழியில்லை.

தோட்டப்புறத்தின் நிலையும் இதனின் வேறன்று. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களையும் சுரங்கங்களையும் கருத்திற்கொண்டது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தபோது, அது பிற துறைகளுக்கும் விரிந்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், குடியிருப்பின் தரத்தைப் பேணும் சட்டம் குடியிருப்பின் உரிமையைத் தருவதில்லை. வேலை போயின் வீடும் போகும் என்பது, சிரம்பான், நீலாய் வட்டாரத் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நம் மக்கள் கண்ட உண்மை.

இங்கு நம் திறனாய்வும் தன்னையே வினவிக்கொள்ள வேண்டியுள்ளது. தோட்டப்புற வாழ்வை நாம் பெரிதும் இழந்துபோன தமிழ் வாழ்வாகவே வாசித்து வருகிறோம். நம் முன்னோர் வாழ்ந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வாழ்கின்றனர். அவர்தம் நிலையைப் பேசாது நம் முன்னோர்க்கு மட்டும் நீதி வேண்டுவது, உடைமைக்கு மாற்றாக இனத்தை அலகாகக் கொள்ளும் மற்றொரு கணக்கேயாகும்.

ஆதலின், மீட்சியின் இரண்டாம் பொருளாகிய விடுபடுதலையே நாம் முதன்மைப்படுத்துதல் தகும். இழந்த பொருளை மட்டுமன்றி, இழந்த கூலியையும் வீட்டையும் எண்ணும் கணக்கே அனைவரையும் உள்ளடக்கியதாகும்.