சில வினாடிகளில் ஒரு தெரிவு: பேட்மேன் விளையாட்டும் நம் வாய்மொழித் தேர்வும்



வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்தாயிற்று. "அந்த மாணவன் செய்தது சரியா?" என்று தேர்வாளர் கேட்கிறார். "சரிதான்" என்று பதில் சட்டென்று வருகிறது. "ஏன்?" என்றால் மௌனம். நம்மில் பலருக்கும் பழக்கமான காட்சிதான் இது. இந்த மௌனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மின்விளையாட்டைப் பார்ப்போம். ஆசிரியர்களே, விளையாட்டா என்று முகம் சுளிக்காதீங்க. மாணவர்களே, படிக்கத்தான் சொல்றாங்க என்று உடனே விளையாடக் கிளம்பிடாதீங்க!

டெல்டேல் நிறுவனம் 2016 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து அத்தியாயங்களாக வெளியிட்ட பேட்மேன் கதை விளையாட்டு அது. சண்டைகள் இருந்தாலும் அதன் உயிர் உரையாடலில்தான் இருக்கிறது. ஒருவர் பேட்மேனிடம் ஒன்று கேட்பார். திரையில் சில பதில்கள் தோன்றும். சில வினாடிகளுக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் மௌனமே உங்கள் பதிலாகிவிடும். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வெய்ன் பெரும் செல்வந்தர். தந்தை நல்லவர் என்று நம்பி வளர்ந்தவர். அந்தத் தந்தை குற்றக் கும்பலோடு கூட்டுச் சேர்ந்திருந்தார் என்பது தெரியவரும்போது, கறை படிந்த அந்தச் செல்வத்தையும் பெயரையும் அவர் என்ன செய்வது? ஒரு கட்டுரைத் தலைப்பாகவே கொடுக்கலாம். அவ்வளவு நல்ல கேள்வி.

இனி குறைக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில், ஆபத்தில் சிக்கிய நண்பர் ஹார்வி டென்ட், செலினா ஆகிய இருவரில் ஒருவரிடம்தான் பேட்மேன் ஓட முடியும். செலினாவிடம் ஓடினால் ஹார்வியின் முகம் கருகுகிறது. ஹார்வியிடம் ஓடினால் முகம் தப்புகிறது. ஆனால் இரண்டு வழியிலும் ஹார்வியின் மனம் இரண்டாகப் பிளந்து, அவர் எதிரியாகத்தான் மாறுகிறார். "அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஆனால், எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. விளையாட்டு தெரிவைக் கேட்கிறது; காரணத்தைக் கேட்பதே இல்லை. அத்தியாயம் முடிந்ததும், மற்ற விளையாட்டாளர்களில் எத்தனை விழுக்காட்டினர் உங்களைப் போலவே தெரிவு செய்தார்கள் என்று காட்டியது. பக்கத்தில் இருப்பவர்கள் கைப்பேசியில் வாக்களித்துச் சேர்ந்து விளையாடும் வசதியும் இருந்தது. வகுப்புக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் பெரும்பான்மை என்பது காரணம் ஆகாது. "நிறைய பேர் அப்படித்தான் செய்வாங்க" என்று தேர்வில் சொன்னால் போதுமா?

2017 ஆகஸ்டில் தொடங்கி 2018 மார்ச்சில் முடிந்த இரண்டாம் தொடர் இதில் ஒரு படி மேலே போகிறது. ஜான் டோ என்பவர் புரூஸ் வெய்னை நண்பராக நம்புகிறார். பிற்காலத்தில் ஜோக்கராக மாறப்போகிறவர் அவர்தான். நாம் அவரிடம் நம்பிக்கையோடு நடந்துகொண்டோமா, சந்தேகத்தோடு நடந்துகொண்டோமா என்பதைப் பொறுத்துக் கடைசி அத்தியாயம் இரு வேறு கதைகளாகப் பிரிகிறது. அவரோடு நாம் பழகிய விதத்தின் விளைவு அது. முதல் தொடரைவிட இது எனக்கு உயர்ந்ததாகத் தெரிவது அதனால்தான்.

அவசரத் தெரிவின் விலை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன், பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். "ஏன்?" என்று கேட்க அப்போது யாரும் இல்லை. பிறகு கண்ணகி வந்தாள். சிலம்பை உடைத்துக் காட்டியபின் அரசனிடம் சொல்ல ஒரு காரணமும் இல்லை. உயிரே போயிற்று. அந்தக் கண்ணகியின் கேள்விதான் பேட்மேன் விளையாட்டில் இல்லை. வகுப்பில் அதை நாம்தான் கேட்க வேண்டும்.

விளையாட்டை வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. அதில் வன்முறை உண்டு, வயது வகைப்பாடும் உண்டு. அதன் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சூழல்: தீபாவளிக்கு முந்திய நாள். லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேன் சந்தையில், அம்மாவின் பூக்கடையில் உதவிக்கு ஆள் இல்லை. அதே நேரம், குழு ஒப்படைப்பை முடிக்க நண்பன் நூலகத்தில் காத்திருக்கிறான். எங்கே போவீர்கள்? பத்து வினாடிதான். எல்லாரும் தெரிவு செய்த பிறகு, ஐந்து நிமிடம் கொடுத்துக் காரணம் கேளுங்க.

"அம்மாவுக்கு உதவணும், அதான்" என்பது தெரிவு மட்டுமே. "அம்மாவின் வியாபாரம் இந்த ஒரு நாளை நம்பியிருக்கிறது, ஒப்படைப்பை இரவில் இணையம்வழி முடிக்கலாம். ஆனால் நண்பன் ஏமாற்றமடைவான், அதனால் முதலில் அவனை அழைத்துச் சொல்லிவிடுவேன்" என்பது முழுமையான பதில். தெரிவு, காரணம், அதனால் வரும் இழப்பு, அந்த இழப்புக்கு என்ன செய்வேன் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. நூலகத்துக்குப் போவேன் என்று சொல்லும் மாணவருக்கும் இதே நான்கு படிகள்தான். எந்தப் பக்கம் போனாலும் மதிப்பெண் உண்டு.

மாணவர்களே, அடுத்த முறை திரையில் இரண்டு பதில்கள் தோன்றும்போது பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே போய்விடாதீங்க. விளையாட்டை நிறுத்தி வைத்து, "ஏன் இதை எடுத்தேன்?" என்பதைத் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்க. சொல்ல வரவில்லையென்றால், அந்தத் தெரிவை இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.