பிரேசிலுக்கு ஒரு மாமூல்

மாமூல் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நடைபாதைக் கடைக்காரரில் ஆரம்பித்து லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். ஒரு தப்பு நடக்கும். அது தொடர்ந்து நடப்பதற்காக மாதாமாதம் ஒரு தொகை கை மாறும். தொகை நின்றால்தான் சட்டம் விழித்துக்கொள்ளும்.

இந்த வித்தையில் நாம்தான் கில்லாடிகள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும். 2010-ல் அமெரிக்க அரசாங்கம் முறையாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரேசிலுக்கு மாமூல் கொடுக்க ஆரம்பித்தது. வருடத்துக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர். அதை மாதத் தவணையாகப் பிரித்து வேறு கொடுத்தார்கள். எதற்காக? பருத்திக்காக.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்கிறேன்.

2000-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேர். விவசாயி என்றதும் கோவணமும் ஏர்க்கலப்பையும் ஞாபகத்துக்கு வந்தால் அழித்துவிடுங்கள். மானியத்தில் பெரும்பகுதி போனது பெரிய பெரிய பண்ணைகளுக்கு. சந்தையில் விலை விழுந்தால், விழுந்த அளவுக்கு அரசாங்கம் ஈடுகட்டிவிடும். 2001-ல் உலகச் சந்தையில் பருத்தி விலை படுபாதாளத்துக்குப் போனது. விலை விழுந்தால் விளைச்சலைக் குறைப்பதுதானே உலக வழக்கம்? அமெரிக்காவில் அந்த வருடம்தான் அதுவரை இல்லாத சாதனை விளைச்சல், 2 கோடி பேலுக்கு மேல்! விலை என்ன ஆனாலும் வரவு நிச்சயம் என்றால் யார்தான் விதைக்காமல் இருப்பார்கள்?

இதைவிட வேடிக்கை இன்னொன்று. 'ஸ்டெப் டூ' என்று ஒரு திட்டம். அமெரிக்கப் பருத்தி வெளிச் சந்தையை விட விலை அதிகம் என்றால், அதை வாங்கும் மில்லுக்கும் ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கும் அரசாங்கமே வித்தியாசத்தைக் கொடுக்கும். விளைவிப்பவனுக்கும் காசு, வாங்குபவனுக்கும் காசு. உலகத்துக்கெல்லாம் சுதந்திரச் சந்தை பற்றி வகுப்பெடுத்த தேசத்தில்தான் இது நடந்தது.

பிரேசில் சும்மா இருக்கவில்லை. 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. பிரேசிலுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? டேனியல் சம்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அமெரிக்க விவசாயத் துறையிலேயே உயர் பதவியில் இருந்தவர். அமெரிக்க மானியம் இல்லாதிருந்தால் உலகப் பருத்தி விலை ஏறத்தாழ 12 சதவிகிதம் கூடுதலாக இருந்திருக்கும் என்றார். 2004-ல் தீர்ப்பு. அமெரிக்கா தோற்றது. அப்பீல் போனது. 2005-ல் அதிலும் தோற்றது. ஸ்டெப் டூவை 2006-ல் கைவிட்டது. மற்ற முக்கியமான மானியங்களை விடவில்லை.

கடைசியில் 2009-ல், 'அமெரிக்கா கேட்கவில்லை என்றால் நீ திருப்பி அடிக்கலாம்' என்று பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. 2010 மார்ச்சில் பிரேசில் 102 அமெரிக்கப் பொருட்களின் பட்டியலை வெளியிட்டது. இவற்றுக்கெல்லாம் வரியை ஏற்றப்போகிறேன் என்றது. அதோடு நின்றதா? மருந்து, சினிமா, இசை இவற்றின் காப்புரிமையிலும் கை வைப்பேன் என்றது. அதுதான் மர்ம அடி. பருத்தி வயலில் போட்ட கல் ஹாலிவுட் கண்ணாடியில் போய் விழும்!

இப்போது அமெரிக்காவுக்கு இரண்டு வழி. ஒன்று, மானியத்தை நிறுத்துவது. இன்னொன்று, பிரேசிலின் வாயை அடைப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரேசில் பருத்தி விவசாயிகளின் வளர்ச்சிக்கு என்று ஒரு நிறுவனம், அதற்கு அமெரிக்க வரிப்பணம். அதாவது, தன் ஊர்ப் பண்ணைக்கு மானியம் கொடுப்பதை நிறுத்தாமல் இருப்பதற்காக, போட்டியாளரின் பண்ணைக்கும் மானியம்! ரான் கைண்ட் போன்ற காங்கிரஸ் உறுப்பினர்கள் இது அக்கிரமம் என்று எதிர்த்துப் பார்த்தார்கள். 2013-ல் தவணை நின்றது. பிரேசில் மறுபடி முறைத்தது. 2014-ல் மொத்தமாக 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள்.

முடிந்ததா? புதிய விவசாயச் சட்டத்தில் பழைய மானியத்திலிருந்து பருத்தியை எடுத்துவிட்டு, ஒரு காப்பீட்டுத் திட்டத்தை வைத்தார்கள். 2018-ல் 'விதையோடு கூடிய பருத்தி' என்று வேறு பெயரில் அதே பருத்தி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. 2025-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், அதன் உத்தரவாத விலையை பவுண்டுக்கு 36.7 சென்ட்டிலிருந்து 42 சென்ட்டாக உயர்த்தியது.

இதுவரை சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். சிரிக்க முடியாத பகுதி இனிமேல்தான்.

இந்த வழக்கில் பிரேசிலோடு மூன்றாம் தரப்பாக வந்து நின்ற நாடுகளில் பெனின், சாட் என்று இரண்டு உண்டு. மாலி, புர்கினா ஃபாஸோ ஜனாதிபதிகள் 2003-ல் நியூயார்க் டைம்ஸிலேயே கட்டுரை எழுதி முறையிட்டார்கள். நான்குமே பருத்தியை நம்பிப் பிழைக்கும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க ஏழை நாடுகள். உலக விலை இறங்கினால் அங்கே ஒரு குடும்பத்துக்கு மருந்து கிடையாது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பாதிப்பில் பிரேசிலை விடப் பெரிய பாதிப்பு அவர்களுக்கு. மாமூல் கிடைத்ததா? பிரேசிலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஆப்பிரிக்காவுக்கும் கொஞ்சம் தொழில்நுட்ப உதவி செய்யலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் விட்டார்கள். அவ்வளவுதான். ஏனென்றால் மாலி வரி போட்டால் டெட்ராய்ட்டில் யாருக்கும் வலிக்காது.

மானியமே கூடாது என்பது என் கட்சி அல்ல. நம் ஊரில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. மழையை நம்பி வாழ்பவனுக்கு ஒரு பிடிமானம் வேண்டும்தான். அமெரிக்க விவசாயிக்கும் வறட்சி உண்டு, கடன் உண்டு. ஆனால் தன் சுமையை அடுத்தவன் தலையில் இறக்கிவைக்கும்போதுதான் அது வேறு விஷயமாகிறது. அந்த அடுத்தவன் திருப்பி அடிக்கக்கூடியவனா என்று பார்த்து நியாயம் வழங்கினால், அதற்குப் பெயர் சட்டம் இல்லை.

கடைசியாக ஒன்று. பழைய மானியம் புதுப்பெயரில் திரும்பி வந்த அதே 2018-ல், நவம்பர் மாதம், உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா ஒரு புகார்க் கணக்கைத் தாக்கல் செய்தது. ஒரு நாடு தன் பருத்தி விவசாயிகளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்ற பெயரில் அளவுக்கு மீறி உதவுகிறதாம்.

அந்த நாடு எது என்கிறீர்களா? இந்தியா!