தானியங்கித் தோட்டி

எம்.ஏ.வில் எங்களுக்குத் திறனாய்வு ஒரு தாள். எதை வேண்டுமானாலும் பிரதியாக வாசிக்கலாம் என்றார்கள். செப்டிக் டேங்கின் வரைபடத்தை வாசிக்க மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் நெமிலிச்சேரியில் ஒரு வீட்டுக் கொல்லையில், கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்தேன். கயிற்றின் அந்த முனையில் என் சித்தப்பா மகன்.

அந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தவர் லூயி மூரா என்கிற பிரெஞ்சுக்காரர். 1881இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: 'மூராவின் தானியங்கித் தோட்டி'. அள்ள ஆளே வேண்டாம், உள்ளே போவதெல்லாம் தானாகக் கரைந்து ஓடிவிடும் என்று நம்பினார்கள். 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் டொனால்ட் கேமரன் அதை மேம்படுத்தி 'செப்டிக் டேங்க்' என்றார். பெயரிலிருந்து தோட்டியை எடுத்தாகிவிட்டது. நம் ஊரில் வேலையில் அவர் அப்படியே இருக்கிறார்.

வரைபடத்தில் மலம் வரும் குழாய் இருக்கிறது, தண்ணீர் வெளியேறும் குழாய் இருக்கிறது. மேலே ஒரு மூடி. அந்த மூடி யாருக்கு? இதுதான் நான் கேட்கிற விமர்சனக் கேள்வி. எல்லாமும் கரைவதில்லை. கசடு அடியில் படிந்து இறுகும். காற்றில்லாத அந்த இருட்டில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

அன்றைக்கு லாரிக் குழாயால் கசடை உறிஞ்ச முடியவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "நாத்தம் போயிடுச்சுப்பா, எறங்கு" என்றார். "ண்ணா, கயித்த வுட்றாதண்ணா" என்று சொல்லி இறங்கினான். இரண்டு நிமிஷம் இருக்கும். கயிறு தொய்ந்தது. நானும் லாரிக்காரரும் இழுத்தோம். பிழைத்துக்கொண்டான். ஐந்நூறு ரூபாயும் ஒரு சோப்பும் கொடுத்து, தெருக்குழாயில் குளிக்கச் சொன்னார்கள். இழுத்தவன் நான்தான், இறங்காதே என்று சொல்லாமல் நின்றவனும் நான்தான். எம்.ஏ. படித்தவன்!

நமக்காகக் கண்டுபிடித்துத் தந்த கருவிகளின் வரலாறே இப்படித்தான். மல்கானி குழு 1960இல் அறிக்கை தந்தது. தலைச்சுமையை ஒழிக்கக் கைவண்டி கொடுங்கள் என்றது. கூடை போய் வண்டி வந்தது, அள்ளுகிற கை மாறவில்லை. அப்புறம் சட்டங்கள், 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவருக்குப் பத்து லட்சம் என்றது. 2023இல் முப்பது லட்சம் ஆக்கியது. இழப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வாங்கித்தர அலைந்தவர்களில் நானும் ஒருத்தன். ஆனால் இறங்கச் சொன்னவன் எத்தனை பேர் சிறைக்குப் போனான் என்று கேளுங்கள் தோழர்களே. அதே 2023இல் மத்திய பட்ஜெட்டில் 'மேன்ஹோல்' இனி 'மெஷின் ஹோல்' என்றார்கள். பெயர் மாற்றுவதில் கேமரனுக்குச் சளைத்தவர்களா இவர்கள்?

எல்லா இயந்திரத்தையும் நான் திட்டவில்லை. 2022இல் சென்னை ஐஐடி 'ஹோமோசெப்' என்று ஒரு இயந்திரம் கொண்டுவந்தது. சுழலும் கத்திகள் இறுகின கசடைக் கலக்கிக் கூழாக்கும், பிறகு குழாயால் உறிஞ்சலாம். இதைச் செய்தவர்கள் அந்த மூடியை ஒழுங்காக வாசித்திருக்கிறார்கள். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் இதில் கூட நின்றது, தொட்டியில் கணவரை இழந்த பெண்களின் குழுக்களிடம் முதல் இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. கிண்டியிலிருந்து நெமிலிச்சேரி ஒன்றும் டெல்லி தூரம் இல்லை. வெளிவட்டச் சாலை ஓரமெல்லாம் புதுசு புதுசாக வீடு, வீட்டுக்கு ஒரு தொட்டி. இயந்திரத்தை எங்கள் தெருவில் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

போன மாசம் அதே வீட்டுக்காரர் தம்பிக்குப் போன் போட்டார். "நான் வரல சார், லாரியக் கூப்புடுங்க" என்றான். "லாரிக்காரனே ஆள் கேக்குறானே" என்றார் அவர்.