இணை வரியில் ஓர் உலகம்

நீலகிரித் தோடர்களின் பாட்டில் ஒரு வரி தனித்து நிற்பதில்லை. ஒன்றைச் சொன்னதும் அதற்கு இணையான இன்னொன்று கூடவே வரும். பல இணைகள் தலைமுறைகளாக வழங்கிவருபவை; அவற்றை எடுத்துக் கோத்து எருமை, மந்து எனும் தங்கள் குடியிருப்பு, சாவுச் சடங்கு என எதையும் பாட்டாக்கிவிடுவார்கள். என்ன ஒரு தேர்ச்சி!

இதை உலகறியச் செய்தவர் எம்.பி. எமனோ. மொழியியலாளர் எட்வர்ட் சபீரிடம் பயின்ற கனடாக்காரர். 1935இல் இந்தியா வந்து 1938 வரை களப்பணி செய்தார். அவர் வேலை செய்த விதத்தைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். பாட்டைச் சொல்லச் சொல்லி ஒலி பிசகாமல் எழுதினார். வரிக்குப் பின்னால் இருக்கும் குலம், இடம், சடங்கு எல்லாவற்றையும் விசாரித்துக் குறித்தார். அந்த விளக்கம் இல்லையென்றால் வெளியாளுக்கு அது வெறும் ஓசைதான். இந்தத் திரட்டு ‘தோடா சாங்ஸ்’ என்ற நூலாக வந்தது 1971இல். அந்தப் பொறுமைக்கு ஈடில்லை.

ஊட்டிக்குப் போகிறவர்கள் தோடர் குடிலைப் படமெடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால், அவர்களிடம் அனுமதி கேட்டு ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள்.