ஆராவின் எண்ணெய்ப் பூக்கள்

ஓவியர் கே.எச். ஆராவின் பூச்சாடிகள் என்றால் நம் கடற்கரைப் பக்கத்து ரசிகர்கள் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். காரணம் புரிகிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் நம் சிறுசேரிக்கு எட்டும் தூரம்தான். அது நம் கண்ணைக் கோட்டுக்குப் பழக்கிவிட்டது. கோடு ஆளாத படம், அதிலும் பூ, வரவேற்பறைச் சரக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். ஆராவின் சாயத்தை நெருங்கிப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. நீர்வண்ணத்தையும் குவாஷையும் எண்ணெய் போலக் கனமாக அப்பியவர் அவர். எண்ணெய்க்கு வந்த புதிதில் அதை நீர்வண்ணம் போல இளக்கிப் பூசினார். சாயம் எவ்வளவு கனக்க வேண்டும் என்பதை டியூப் சொல்ல அவர் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஆங்கில ஓவியர் வினிஃப்ரெட் நிக்கல்சனின் 'சைக்லமனும் பிரிமுலாவும்' கேம்பிரிட்ஜின் கெட்டில்ஸ் யார்டு காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பூந்தொட்டியைச் சுற்றிய மெல்லிய காகிதத்தில் ஜன்னல் வெயில் ஊறி நிற்கும் படம் அது. ஆராவின் நல்ல படங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் தேவைப்படுவதில்லை. ஒரு சிவப்பின் மேல் வேறொரு சிவப்பு ஏறும் இடத்திலேயே பூ ஒளி பெற்றுவிடுகிறது.

பொலாரத்தில் 1914-இல் பிறந்து, பம்பாயில் வீட்டு வேலை செய்து, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவரின் ஏக்கமே இந்தப் பூக்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாழ்க்கை பெரிதுதான். ஆனால் ஏக்கம் யாருக்கும் உண்டு. சாயத்தை எங்கே நிறுத்துவது என்பது பயின்ற கைக்குத்தான் தெரியும். 1947-இல் அவரோடு முற்போக்குக் கலைஞர் குழுவில் இருந்த சூசாவுக்கும் ஹுசைனுக்கும் கிடைக்கும் ஆரவாரத்தில் இந்தக் கை கண்ணில் படாமலே போகிறது. பூச்சாடி மேலைநாட்டுப் பழக்கம், நாம் பூவைத் தொடுப்பவர்கள் என்பது இன்னொரு மறுப்பு. செசானும் மத்தீஸும் ஆராவுக்குள் இருக்கிறார்கள், சரி. எழும்பூர் அருங்காட்சியகத்து அமராவதிக் கற்களில் குடத்திலிருந்து தாமரைகள் பொங்கி வழிகின்றனவே, அதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? பயின்ற கை இல்லாத பூவைப் பார்க்க வேண்டுமா? இன்று பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் சோபா நிறத்துக்குப் பொருத்தமாக அச்சடித்த பூப்படங்கள் தொங்குகின்றன. தூரிகைத் தடம் போலத் தெரிய மேலே பசையை வேறு தடவியிருக்கிறார்கள். இதழ் வலப்புறம் மடிந்தாலும் இடப்புறம் மடிந்தாலும் தடம் ஒரே திசையில் ஓடுகிறது. விற்பவரும் பார்ப்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.