இரட்சணிய யாத்திரிகம் காட்டும் விசுவாசம்: ஏற்பும் நடையும்

கிறித்துவத்தில் 'விசுவாசம்' என்னும் சொல் இரு பொருள் உடையது. இறைவனைப் பற்றிய கொள்கைகளை உண்மையென ஏற்பது ஒன்று. அவ்விறைவனிடம் தன்னை ஒப்படைத்து அதற்கேற்ப வாழ்வது மற்றொன்று. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தில் இவ்விரண்டும் இணையும் முறையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவிய இக்காப்பியம் 1894இல் வெளிவந்தது. 3,766 பாடல்களால் ஆனது. ஆசிரியரைக் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றும் மரபினால், வகுப்பறைகளில் கம்பனின் சாயலே பெரிதும் பேசப்படுகிறது. நூலின் அமைப்பு சொல்லும் பொருள் கவனம் பெறுவதில்லை.

ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என நூல் ஐந்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. இயேசுவின் பாடுகள் இரண்டாவதாகிய குமார பருவத்திலேயே இடம்பெறுகின்றன. அதன்பின்னும் மூன்று பருவங்கள் எஞ்சுகின்றன. பனியனின் கதையிலும் பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் இறங்கிய பின்னரே நெடுவழி தொடர்கிறது. சுமை நீங்குவது அருளின் கொடை. அக்கொடைக்கு ஏற்ப நடப்பதே விசுவாசத்தின் வாழ்வு. வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். காப்பியமோ 36 ஆண்டுகள் கழித்தே நூலாயிற்று. அவருடைய வாழ்வும் இவ்வமைப்புக்கு அரணாக நிற்கிறது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. மனைவி மக்களைப் பிரிந்து செல்லும் பயணியின் கதையே காப்பியத்துக்கு அடிப்படை. பனியன் 1684இல் எழுதிய இரண்டாம் பகுதியில் மனைவியும் பிள்ளைகளும் அயலாளும் கூட்டமாக நடக்கின்றனர். அக்கூட்டு நடை இக்காப்பியத்தின் மையமாகவில்லை.

மலேசியச் சூழலில் இக்குறை தெளிவாகப் புலப்படும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. கோலா தெர்லா உள்ளிட்ட அம்மலைப்பகுதியின் தோட்டத் தமிழர் வாழ்வில் அண்டை வீடு என்பது லயத்தில் அடுத்த சுவர். அங்கு ஒருவருடைய விசுவாசத்தை முதலில் அளப்பவர் அயலார். நோயுற்றவருக்குக் கஞ்சி கொடுத்ததா, சாதி பாராமல் உடன் அமர்ந்ததா என்பனவே அளவுகோல். செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்னும் யாக்கோபு நிருபத்தின் கருத்தும் இதுவே.

ஆகவே, தமிழாசிரியர்கள் இந்நூலைக் கற்பிக்கையில் அணிநலத்தோடு நின்றுவிடலாகாது. சுமை இறங்கிய பின்னும் நடை ஏன் தொடர்கிறது, உடன் நடப்பவர் யாவர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பிற சமய மாணவரும் தத்தம் நெறியில் நின்று விடை காணத்தக்க வினாக்கள் அவை.